வெர்னா பன்னில் என்ன போடுகிறாள்?

அத்தியாயம் 14

வெர்னா ஸ்டால்டரைத் தெரியாதவர்கள் எல்டன்வில்லில் கிடையாது. போன வாரத்திலிருந்து அவள் மகன் டேலைத் தெரியாதவர்களும் கிடையாது.

லூத்தரன் சபைக் கூட்டத்தில் அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த எழுச்சி அப்படி. ஊரின் எல்லா மதத்தாரும் சேர்ந்து வருஷா வருஷம் நடத்தும் நன்றி வழிபாடு இந்தத் தடவை புதுப் பள்ளிவாசலில் என்று பேச்சு வந்ததுமே, "நம்ம சபை அங்க போகக் கூடாது. போனா நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்று கத்தினான். அவன் அக்கா இங்க்ரிட் சும்மா இருப்பாளா? "மூளை இருக்க வேண்டிய இடத்துல உனக்கு வெறுப்புதான்டா இருக்கு" என்று நூற்று நாற்பது பேர் காதுபடச் சொன்னாள். ஓட்டெடுப்பு நடந்தது. ஏழு ஓட்டில் இங்க்ரிட் பக்கம் ஜெயித்தது. அன்றோடு அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது.

வெர்னா இரண்டு பேர் பக்கமும் சேரவில்லை. "எனக்குப் பன் வேலை தலைக்கு மேல கிடக்கு" என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்தப் பன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நன்றி வழிபாட்டில் காணிக்கைக் கூடை சுற்றும். வழிபாடு முடிந்ததும் வாசலில் வெர்னாவின் பன் விற்கும், தட்டுக்குப் பன்னிரண்டு. இரண்டிலும் வருவது ஊர் உணவு வங்கிக்கு. வியாழக்கிழமை நன்றித் திருநாள் விருந்தில் வான்கோழி காய்ந்து விறகாகிப் போயிருந்தால்கூட எல்டன்வில்லில் மன்னித்துவிடுவார்கள். மேஜையில் வெர்னா பன் இல்லை என்றால் அந்த வீட்டில் சண்டைதான். இருபத்தாறு வருஷமாக இதுதான் நிலவரம்.

உணவு வங்கியை நடத்துவது இங்க்ரிட். அங்கே குளிர் அறை அக்டோபரில் உயிரை விட்டது. பாலும் இறைச்சியும் வைக்க இடமில்லாமல், வருகிற குடும்பங்களுக்கு டப்பா பீன்ஸைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். இந்த வருஷத்துக் கூடையையும் பன்னையும்தான் மலைபோல நம்பியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. மாலை ஏழு மணிக்கு வழிபாடு. நாற்பது தட்டு முந்தின நாளே பள்ளிவாசல் சமையலறைக்குப் போய்விட்டது. மீதி நாற்பது, சபைச் சமையலறையில் வெர்னாவின் மேற்பார்வையில் உப்பிக்கொண்டிருந்தது.

மேற்பார்வை என்றால் சாதாரண மேற்பார்வை இல்லை. தன் தம்பி மனைவி ஆர்லீன் ஒரு பெரிய பாத்திரத்தை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் வெர்னா மூக்கை உறிஞ்சினாள்.

"ஆர்லீன், அதுல என்ன?"

"பீன்ஸ் அண்ணி. வழிபாடு முடிஞ்சு சாப்பிடறதுக்கு."

"பீன்ஸ் மட்டும்தானா?"

"மேலாப்புல கொஞ்சூண்டு பேக்கன். வாசனைக்கு."

வெர்னா குளிர்பெட்டிக் கதவைக் காட்டினாள். பள்ளிவாசல் அனுப்பிய தாள் அங்கே ஒட்டியிருந்தது. பன்றி வேண்டாம், மது வேண்டாம், செருப்பு வாசலில். மூன்றே வரி.

"இதை நான் சபையில ரெண்டு தடவை வாசிச்சேன். நீ ரெண்டு தடவையும் தலையாட்டினே."

"கொஞ்சூண்டு அண்ணி! பொறுக்கி எடுத்துட்டா..."

"பொறுக்கி எடுத்தா பன்னி இல்லேன்னு ஆயிடுமா? விருந்துக்குக் கூப்பிட்டவங்க மூணே மூணு விஷயம் கேட்டிருக்காங்க. அதைக்கூடச் செய்யத் துப்பில்லேன்னா நாம எதுக்கு அங்க போய் நன்றி சொல்லணும்? வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் உன் புருஷனுக்குப் போடு. வேற பீன்ஸ் பண்ணு. வெண்ணெய் போட்டுப் பண்ணு."

ஆர்லீன் பாத்திரத்தோடு முனகிக்கொண்டே திரும்பிப் போனாள். வெர்னாவுக்குத் திருப்தியாக இருந்தது. ஒருத்தியைத் திருத்திவிட்டால் அன்றைக்கு அவளுக்குக் காபி கூடுதலாக ருசிக்கும்.

போன் அடித்தது. ஹுதா ரிஃபாய்.

ஹுதா கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவள். இன்றைய வழிபாட்டுக்குப் பள்ளிவாசல் தரப்பில் பொறுப்பு முழுவதும் அவளுடையது. பதினோரு வருஷமாகக் கூட்டுப் பாடகர் குழுவில் வெர்னாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள். வெர்னா சுருதி தப்பினால் முழங்கையால் ஒரு இடி கொடுக்கும் உரிமை ஊரில் அவளுக்கு மட்டும்தான் உண்டு.

"வெர்னா, ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு பண்டத்துக்கும் முன்னாடி ஒரு அட்டை வெக்கறோம், என்னென்ன கலந்திருக்குன்னு. பன்னுக்கு மட்டும்தான் பாக்கி. சொல்லு, எழுதிக்கறேன்."

"இது ஒரு பெரிய விஷயமா? எழுது. மாவு. பால். ஈஸ்ட். சர்க்கரை. உப்பு. முட்டை." வெர்னா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே அலமாரியைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அங்கே எல்லாம் வரிசையாக இருந்தது. முட்டைக்கு அடுத்து அந்த வெள்ளை வாளி.

"ம், முட்டை. அப்புறம்?"

அப்புறம் பன்றிக்கொழுப்பு.

அந்த வாளியை வெர்னா ஒரு நாளும் பன்றி என்று நினைத்ததில்லை. பன்றி என்றால் பேக்கன், பன்றி என்றால் ஈஸ்டருக்குச் சுடும் தொடை. இது கொழுப்பு. உப்பு மாதிரி, சர்க்கரை மாதிரி, மாவில் போடுகிற ஒரு வெள்ளைப் பொருள். அவள் அம்மா போட்டாள், இவள் போடுகிறாள், பன் பஞ்சு மாதிரி வருகிறது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

"வெர்னா? இருக்கியா?"

"அப்புறம் கூப்பிடறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

அறுபத்து மூன்று வயதுக்குள் அவள் யாரிடமிருந்தும் அப்படி ஓடி ஒளிந்ததில்லை.

இங்க்ரிட் காலித் தட்டுகளோடு உள்ளே வந்தபோது அம்மா வாளியைக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெர்னா விஷயத்தைச் சொன்னாள். இங்க்ரிட் தட்டுகளைக் கீழே வைத்தாள்.

"நாற்பது தட்டு அங்க அவங்க அலமாரியில இருக்கு."

"தெரியும்."

"பதினோரு வருஷமா ஹுதா ஆன்ட்டி வீட்ல..."

"அதுவும் தெரியும். அவ அப்பா கடைசியா படுத்திருந்தப்ப எதுவும் இறங்கலேன்னு பன்னைப் பால்ல ஊற வெச்சு ஊட்டினாங்க. வாரா வாரம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு தடவை என் கையாலயே ஊட்டினேன்."

மெக்காவுக்கு இரண்டு முறை போய் வந்த மனிதர் அவர். வெர்னா வாளியின் மூடியை அழுத்தி மூடினாள்.

இங்க்ரிட் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு சட்டென்று அதிகாரி ஆகிவிட்டாள்.

"அம்மா, நான் சொல்றதைக் கேளு. அடுப்பு ரிப்பேர், மாவு புளிச்சுப் போச்சு, ஏதோ ஒண்ணு சொல்வோம். அந்த நாற்பது தட்டையும் திருப்பி எடுத்துட்டு வந்துடலாம். அடுத்த வருஷத்துலேர்ந்து வெண்ணெய். முடிஞ்சுது. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

"ஹுதாவுக்கு?"

"அவங்களுக்கு முக்கியமா தெரிய வேண்டாம்! தெரிஞ்சா மனசு எவ்வளவு கஷ்டப்படும்? இன்னிக்குதான் அவங்க முதல் தடவை ஊரைக் கூப்பிட்டிருக்காங்க. ஊர்ல பாதிப் பேர் எப்ப கோணலாகும்னு காத்துக்கிட்டு இருக்காங்க. உன் பிள்ளை முதல் ஆளா கை தட்டுவான். எனக்குக் குளிர் அறை வேணும்மா."

"எனக்கும்தான் வேணும்." வெர்னா எழுந்து ஏப்ரனை அவிழ்த்தாள். "ஆர்லீனை அரை மணி நேரத்துக்கு முன்னாடி விரட்டி அடிச்சேன், கொஞ்சூண்டு பேக்கனுக்கு. அதுக்கப்புறம் நான் போய் மாவு புளிச்சுதுன்னு சொன்னா என் மூஞ்சியை நானே எப்படிப் பாக்கறது? ஆர்லீன்கிட்ட அங்க வேனைக் கொண்டுவரச் சொல்லு. நான் முன்னாடி போறேன்."

"என்ன சொல்லப் போறே?"

"என்ன போட்டேனோ அதைத்தான்."

பள்ளிவாசல் மண்டபத்தில் பெண்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். வெர்னா பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். ஹுதா தனியாக இருந்தாள், கையில் அட்டை, அட்டையில் முட்டை வரை எழுதியிருந்தது.

"போனை வெச்சுட்டு நேர்லயே வந்துட்டியா? அவ்வளவு ரகசியமா உன் பன்னு?"

வெர்னா கதவைச் சாத்தினாள். சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியாது.

"ஹுதா, அதுல பன்னிக் கொழுப்பு இருக்கு. என்னிக்கும் இருந்துச்சு. எனக்குத் தெரியும், ஆனா அது பன்னின்னு எனக்கு இன்னிக்குக் காலை வரைக்கும் உறைக்கல. அறிவு கெட்டத்தனம்னு சொல்லு, ஒத்துக்கறேன். உன் வீட்ல எல்லாரும் சாப்பிட்டீங்க. உன் வாப்பாவுக்கு நான் கொண்டுவந்ததும் அதுதான்."

ஹுதா அட்டையைப் பார்த்தாள். அலமாரியில் அடுக்கியிருந்த நாற்பது தட்டைப் பார்த்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து மெதுவாக உட்கார்ந்தாள். அவள் கத்தியிருந்தால் வெர்னாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரியாமச் சாப்பிட்டதுக்கு எங்க மார்க்கத்துல குத்தம் இல்ல" என்றாள் கடைசியில். "வாப்பா மேலயும் குத்தம் இல்ல. அது எனக்கும் என்னைப் படைச்சவனுக்கும் உள்ளது, நான் பாத்துக்கறேன். நான் கேட்டதும் ஏன் போனை வெச்சே?"

"பயந்துட்டேன்."

"நீயா?"

"நான்தான்."

ஹுதா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் வேறு ஏதோ கணக்கு ஓடியது.

"ஆனா வெர்னா, நான் கேட்டேனே. நான் என்ன, கேக்காமலா வாயில வெப்பேன்? முதல் வருஷமே கேட்டேன், இதுல பன்னி சம்பந்தமா ஏதாவது இருக்கான்னு."

"என்னையா கேட்டே? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

"உன்னை இல்ல. நீ பின்னாடி பெட்டி கட்டிட்டு இருந்தே. விற்பனை மேஜையில உன் மகன் இருந்தான். அவனைக் கேட்டேன். 'வெறும் வெண்ணெய்தான் மேடம்'னான்."

அந்த வாளியைக் கசாப்புக் கடையில் வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பவனே டேல்தான். பதினெட்டு வயதிலிருந்து அவன்தான் தூக்கி வருகிறான். அவனுக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை.

"நல்ல பையன்னு நெனச்சேன்" என்றாள் ஹுதா. "போன வாரம் சபையில அவன் கத்தினதைக் கேள்விப்பட்டப்பகூட, ஏதோ கோபத்துல சொல்லியிருப்பான்னு என் வீட்டுக்காரர்கிட்ட அவனுக்குப் பரிஞ்சு பேசினேன்."

வெர்னா சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னாள். தட்டுகளை ஆர்லீன் வேனில் எடுத்துப் போவாள். வழிபாட்டில் லூத்தரன் சபை சார்பாகப் பேச வேண்டியவள் வெர்னாதான், அந்த மைக்கிலேயே ஊருக்குச் சொல்லிவிடுவாள். இன்றைக்குப் பன்னுக்குப் பதில் சீட்டு விற்கலாம், நாளைக்குப் புதுத் தட்டுகளில் வெண்ணெய் போட்டுச் சுட்டுக் கொடுக்கலாம். ஆனால் சபை அடுப்பில் முடியாது, அங்கே எல்லாவற்றிலும் கொழுப்பு ஏறியிருக்கிறது.

ஹுதா எழுந்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இந்தச் சமையலறையை எடுத்துக்கோ. உணவு வங்கிக்காகத் தரேன். உனக்காக இல்ல."

நியாயம்தான் என்று வெர்னா சாவியை எடுத்துக்கொண்டாள்.

டேலின் சாப்பாட்டுக் கடையில் மூன்று மணிக்கு ஈ காக்கை இல்லை. அவன் அடுப்புக் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அப்பாவின் அகலத் தோள், அம்மாவின் தாடை. அம்மா உள்ளே வந்து கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பியதும் அவனுக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஹுதா உன்கிட்ட ஒரு கேள்வி கேட்டாளா?"

சுரண்டும் சத்தம் நின்றது.

"யாரு சொன்னா?"

"கேட்டாளா, இல்லையா?"

"கேட்டாங்க."

"ஏன்டா பொய் சொன்னே?"

டேல் சுரண்டியை வைத்துவிட்டுத் துணியால் கையைத் துடைத்தான். துடைக்க வேண்டியதற்கு மேலேயே துடைத்தான்.

"அப்பா போய் ஏழு மாசம் ஆகியிருந்துச்சு. நீ படுக்கையை விட்டு எந்திரிக்கவே இல்ல. சாப்பாடு இறங்கல. இந்தப் பன்னுக்குத்தான் முதல் தடவையா எந்திரிச்சே. அன்னிக்குப் பின்னாடி நின்னு யாரையோ திட்டிக்கிட்டே சிரிச்சே. ஏழு மாசத்துல உன் சிரிப்பை அன்னிக்குத்தான் கேட்டேன். அந்த நேரம் பாத்து அவங்க வந்து பன்னி இருக்கான்னு கேக்கறாங்க. இருக்குன்னு சொன்னா, அவங்க உன்கிட்ட வருவாங்க, நீ எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு மறுபடி போய்ப் படுத்துடுவேன்னு தோணுச்சு. வெண்ணெய்னுட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அடுத்த வருஷம் ரெண்டு தட்டு வாங்கினாங்க. அதுக்கடுத்த வருஷம் நாலு. எப்படிப் போய்ச் சொல்றது? அவங்க வரும்போதெல்லாம் நான் பெட்டி எடுக்கற மாதிரி உள்ளே போயிடுவேன்."

வெர்னாவுக்கு அப்போதுதான் இன்னொன்றும் பளிச்சென்று விளங்கியது.

"அப்ப போன வாரம் சபையில நீ போட்ட கூச்சல்?"

"பள்ளிவாசல் ஆளுங்க வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு தடவை சமையல் பண்ணப் போனேன். ஒவ்வொரு பண்டத்துக்கும் அட்டை எழுதி வெப்பாங்க, என்னென்ன இருக்குன்னு. வழிபாடு அங்க நடந்தா உன் பன்னுக்கும் எழுதுவாங்க. அதான், யாரும் போகவே கூடாதுன்னு கத்தினேன்."

"ஊரே உன்னை மதவெறி பிடிச்சவன்னு பேசுதேடா!"

"பொய்யன்னு பேசறதுக்கு அது தேவலைன்னு இருந்துச்சு."

வெர்னாவுக்கு அவனை ஓங்கி அறையவும் தோன்றியது, இழுத்து அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. ஈரத்துணியை அவன் கையிலிருந்து பிடுங்கி மேஜைமேல் எறிந்தாள்.

"எனக்காகப் பொய் சொன்னேன்னு மட்டும் இனிமே சொல்லாதே. முதல் வருஷம் எனக்காக. மிச்சம் பத்து வருஷமும் உனக்காக."

டேல் சுரண்டியை மறுபடி கையில் எடுத்தான்.

"ஏழு மணிக்கு என் பங்கை நான் மைக்ல சொல்லப் போறேன். உன் பேரை எடுக்க மாட்டேன், அது என் வேலை இல்ல. உன் பங்கை நீ சொல்றியா, இல்ல இந்தக் கல்லைச் சுரண்டிக்கிட்டே இருக்கியான்னு நீயே பாத்துக்கோ."

"அந்த வாசலை மிதிக்க மாட்டேன்னு ஊர் முன்னாடி சொல்லிட்டேன்மா."

"இத்தனை பொய் சொன்னவன் அது ஒண்ணை மட்டும் காப்பாத்தப் போறியா?" என்று கேட்டுவிட்டு வெர்னா பலகையைத் திருப்பிப் போட்டாள். போகும்போது கதவை அடித்துச் சாத்தினாள். அது அவள் வழக்கம்தான்.

ஏழு மணிக்கு மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. வாசலில் பூட்ஸ் மலையாகக் குவிந்தது. கத்தோலிக்கச் சபையிலிருந்து ஒரு வண்டிக் கூட்டம், யூதர்களின் ஜெப ஆலயத்திலிருந்து ரபியும் அவர் ஆட்களும், சபைக் கூட்டத்தில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில்கூடப் பாதிப் பேர். பாதிப் பேர் பக்தியில் வந்தார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள் என்று ஆர்லீன் சொன்னாள். எப்படியோ, வந்தார்கள்.

ஹுதா சமையலறைக் கதவை ஒட்டிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாடகர் குழுவில் அவள் இடம் காலியாக இருந்தது. வெர்னா அதைப் பார்த்துக்கொண்டே பாடினாள். இரண்டு இடத்தில் சுருதி தப்பியது. இடிக்க ஆள் இல்லை.

இமாம் ஓதினார், ரபி வாசித்தார், பாதிரியார் கொஞ்சம் அதிகமாகவே பேசினார். பிறகு வெர்னாவின் முறை. அவள் எழுதி வைத்திருந்த பேச்சைக் கைப்பையிலேயே விட்டுவிட்டு மைக் முன்னால் நின்றாள்.

"நான் நன்றி சொல்ல வரல. அதுக்கு முன்னாடி ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கு. என் பன்னுல பன்னிக் கொழுப்பு போடறேன். இருபத்தாறு வருஷமா. இந்தப் பள்ளிவாசல் குடும்பங்களுக்கும் கொடுத்தேன், ரபி ஐயா, உங்க ஆளுங்களுக்கும் கொடுத்தேன். உங்க ஆலயத்துல வெளிச் சாப்பாட்டை உள்ள விட மாட்டீங்க, அதனால வாசல்ல வேனை நிறுத்தி வித்தேன். வேணும்னு செய்யல. ஆனா வேணும்னு செய்யலேங்கறதுக்காக யார் வயித்துலேர்ந்தும் அது திரும்பி வரப் போறதில்ல. எல்லாரும் என்னை மன்னிக்கணும். நாளைக்கு இதே சமையலறையில புதுத் தட்டுல வெண்ணெய் பன் சுடறேன். இன்னிக்குச் சீட்டு வாங்கிக்கலாம். வாங்காட்டியும் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா கூடையில போடுங்க. உணவு வங்கியில குளிர் அறை செத்துக் கிடக்கு. அங்க வரிசையில நிக்கற குடும்பம் என் பன்னுக்குப் பொறுப்பில்ல."

யாரோ ஒருவர் இருமினார். முன்வரிசையில் இங்க்ரிட் மடியில் கூடையை வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள்.

அப்போது வாசல் பக்கம் ஒரு சலசலப்பு. டேல் காலுறையோடு நடுவழியில் நடந்து வந்தான். பெரிய உடம்பு, சத்தமில்லாத நடை. போன வாரம் கத்தியவன் இவன்தானா என்று எல்லாத் தலையும் திரும்பியது. அவன் மேடையேறி, அம்மாவைப் பார்க்காமல், மைக்கைத் தன் உயரத்துக்குத் தூக்கினான்.

"அம்மாவுக்கு இது உறைக்கல. எனக்குத் தெரியும். மிஸஸ் ரிஃபாய் முதல் வருஷமே என்கிட்ட நேரா கேட்டாங்க. வெண்ணெய்தான்னு பொய் சொன்னேன். போன வாரம் நம்ம சபையில நான் கத்தினது இவங்க யார் மேலயும் உள்ள வெறுப்புல இல்ல. இங்க வந்தா என் பொய் வெளிய வந்துடும்னு பயத்துல. அதை மறைக்க இவங்களைக் கேவலப்படுத்திட்டேன். முதல் தப்பை விட ரெண்டாவதுதான் பெருசு."

மைக்கை அம்மாவின் உயரத்துக்கே தாழ்த்தி வைத்தான்.

கடைசி வரிசையில் ஹுதா எழுந்தாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"என் வாப்பா இருந்திருந்தா இந்நேரம் உன்னை மன்னிச்சு, பக்கத்துல உட்கார வெச்சிருப்பார். அவர் பெரிய மனசுக்காரர். நான் அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கற ஆள் இல்ல. எனக்கு நாள் வேணும்." பிறகு அவள் முன்வரிசையைப் பார்த்தாள். "இங்க்ரிட், கூடை ஏன் இன்னும் உன் மடியில இருக்கு? வந்தவங்க காத்துக்கிட்டு இருக்காங்க. சுத்தட்டும்."

இங்க்ரிட் எழுந்தாள். காலையில் அடுப்பு ரிப்பேர் என்று சொல்லிவிடலாம் என்றவள் அவள்தான், அது அவளுக்கும் நினைவிருந்திருக்க வேண்டும். மேடையிலிருந்து இறங்கிய தம்பிக்கு எதிரில் போய் நின்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினாள்.

"இந்தா. நீ எடுத்துட்டுப் போ."

"நானா?"

"நீதான். ஒவ்வொரு வரிசையா."

அவன் போனான். தான் பன் விற்ற ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் குனிந்து கூடையை நீட்டினான். சிலர் போட்டுவிட்டு அவன் கையைத் தட்டிக் கொடுத்தார்கள். சிலர் போட்டார்கள், அவனைப் பார்க்கவில்லை. ரபி போட்டுவிட்டு, "வேனை அடுத்த தடவை கொஞ்சம் தள்ளியே நிறுத்து" என்றார். அந்தப் பக்கம் சிரிப்பு எழுந்தது. பாதி மண்டபம் தாண்டுவதற்குள் கூடையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. இந்த ஊரை நம்பலாம் என்று வெர்னா என்றைக்குமே நினைத்ததுதான். ஆனால் கண்ணால் பார்ப்பது வேறாக இருந்தது.

கடைசி வரிசை. கடைசி நாற்காலி.

ஹுதா கைப்பையைத் திறந்து ஒரு உறையை எடுத்துக் கூடையில் வைத்தாள். டேல் நகரப் போனான். அவள் கூடையின் விளிம்பைப் பிடித்து நிறுத்தினாள். மண்டபம் இருந்த அமைதியில் அவள் பேசியது மேடை வரை கேட்டது.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு இங்க மாவு பிசையணும். வெண்ணெயை நீ வாங்கிட்டு வா."

"சரிங்க."

"அதுக்கு முன்னாடி ஏழு மணிக்கு வாப்பா அடக்கமாயிருக்கற இடத்துக்குப் போகணும். நடந்ததை நீ அவர்கிட்டச் சொல்லணும். நீயும் நானும் மட்டும்."

டேல் தலையாட்டினான்.

வெர்னா தன்னையறியாமல் ஒரு அடி முன்னால் வைத்தாள். எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யார் பூ வாங்குவது என்று அவள் வாய்க்குள் எல்லாம் தயாராக இருந்தது. ஹுதா அங்கிருந்தே அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கம்மா வேண்டாம்" என்றாள்.

வெர்னா வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.